கம்பங்களை எடுத்த ஊர்

தென்கொரியாவின் தெற்குக் கரையில் சுன்சியோன் என்றொரு ஊர். ஊர் முடிந்தால் வயல், வயல் முடிந்தால் நாணல், நாணல் முடிந்தால் சேறு. அதற்கும் அப்பால்தான் கடல். நாணலுக்குள் போட்டிருக்கும் மரப்பாதையில் நடந்து யொங்சான் குன்றின்மேல் ஏறினேன். நீர் வடிந்த சேற்றுவெளியில் ஓர் ஓடை வளைந்து வளைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையோரத்தில் உமரி இனச் செடிகள். இலையுதிர் காலத்தில் அவை செக்கச்செவேலென்று ஆகிவிடுகின்றன. அழகுதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வளைகுடாவை ஒட்டிய வயல்வெளி. அங்கே மின்கம்பங்கள் இல்லை.

முன்பு இருந்தன. 2009இல் நகர நிர்வாகம் 282 கம்பங்களை அங்கிருந்து எடுத்துவிட்டது. காரணம், கொரியர்கள் ஹுக்துருமி என்று அழைக்கும் ஒரு கொக்கு. வெள்ளைக் கழுத்து, கருஞ்சாம்பல் உடல். குளிர்காலத்தில் சைபீரியப் பக்கமிருந்து வரும் இந்தப் பறவை இரவில் சேற்றுவெளியில் தங்கும், பகலில் அறுவடையான வயலில் மேயும். உடல் பெரிது, சட்டென்று திரும்ப முடியாது. கம்பியில் மோதி இறக்கும். கம்பங்கள் போன வயல்களில் ரசாயனம் இல்லாமல் நெல் விளைகிறது. அதில் ஒரு பங்கு குளிர்காலத்தில் கொக்குகளுக்கே இரையாகிறது. 1990களின் இறுதியில் நூறைத் தொடாத எண்ணிக்கை இன்று ஆயிரங்களில்.

பிறருக்கு இடம் கொடுப்பது என்றால் மிஞ்சியதைக் கொடுப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பழைய துணி, மீந்த சோறு, ஒழிந்த நேரம். நமக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்றி வைத்து இடம் கொடுத்திருக்கிறோமா? வீட்டுக்குள் வந்த மருமகளுக்கு, வயதான மாமியாருக்கு, பக்கத்து மனையில் நிற்கும் மரத்துக்கு? எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதே நாட்டின் மேற்குக் கரையில் சேமங்கும் இருக்கிறது. அங்கே சுமார் 34 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை மறித்துக் கட்டிய சுவர் 2010இல் முடிந்தது. நெடுந்தூரம் பறந்து வரும் உள்ளான்கள் இரை தேடிய மாபெரும் சேற்றுவெளி அதோடு போயிற்று. ஒரே தேசம், ஒரே காலம். கட்டியதை மட்டுமே வளர்ச்சியாகக் கணக்கெழுதுவது தவறு என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

சுன்சியோன் பக்கம் சேற்றை விட்டுவைத்ததால் மனிதர்கள் பட்டினி கிடக்கவில்லை. பக்கத்துப் பொல்கியோவில் பெண்கள் நீண்ட பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்திச் சறுக்கியபடி சிப்பி எடுக்கிறார்கள். மிகவும் கடினமான உழைப்பு. 2021இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்ற கொரியச் சேற்றுவெளிகளில் இந்தக் கரையும் ஒன்று.

சுன்சியோனுக்குப் போக நினைக்கிறவர்கள் குளிர்காலத்தில் போங்கள். வயலருகே சத்தமில்லாமல் நில்லுங்கள். படத்துக்காகக் கொக்குகளை எழுப்பிப் பறக்க விடாதீர்கள். வடக்கே திரும்பிப் பறப்பதற்கான தெம்பை அவை அந்த வயலில்தான் சேர்த்துக்கொள்கின்றன.