வீடு மாறுதலும் பொருள் வரைதலும்

இல்லறத்தில் நிற்கும் நமக்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது மிகுபொருள் விரும்பாமை. ஏனைய நான்கையும் ஒருவாறு காத்து வருகிறோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு முடிகிறது. கொல்லாமையை உணவில் காக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே பல. ஐந்தாவதைப் பற்றி மட்டும் பேச்சுக் குறைவு. அது துறவியர்க்கு உரியது என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். அறநூல்களோ சிராவகர்க்கும் அதனை விதிக்கின்றன. முற்றும் துறக்கச் சொல்லவில்லை. அளவு செய்துகொள்ளச் சொல்கின்றன. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிமகளிர், பணியாளர், ஆடை, பாத்திரம் என்று புறப்பொருள்களைப் பத்தாக வகுத்து, இவற்றுள் இவ்வளவுக்கு மேல் வேண்டேன் என்று வரையறுத்துக்கொள்வதே பொருள் வரைதல். அகப்பற்றுகள் பதினான்கு தனியே உண்டு. அவற்றை அளப்பது என் போன்றோர்க்கு எளிதன்று. புறப்பொருளையாவது அளந்து பார்க்கலாம்.

இந்த எண்ணம் இப்போது எனக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. வரும் தை மாதத்தில் திருவொற்றியூரை விட்டு, வந்தவாசிப் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீகக் கிராமத்துக்குக் குடிபெயர இருக்கிறேன். சில ஆண்டுகளாக எனக்கு மூச்சிரைப்பு. குளிர்காலத்து விடியலில் படுக்க முடியாது. உட்கார்ந்தே பொழுது விடியும். வயதும் ஒரு காரணம்தான் என்று சொன்ன மருத்துவர், காற்று நல்ல இடமாகப் பார்த்துப் போய்விடுவது நலம் என்றும் சொன்னார். மகனும் மருமகளும் அதையே வற்புறுத்துகிறார்கள். ஆகவே பரண் இறங்குகிறது. பித்தளை அண்டாக்கள், டிரங்குப் பெட்டி, காலஞ்சென்ற என் கணவர் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது கொண்டுபோன உணவுத் தூக்கு, மாணவியர் தந்த வாழ்த்து மடல்கள் என எல்லாம் கூடத்தில் கிடக்கின்றன. இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பது பெரிய வழக்கன்று. அண்டாக்களை நம் ஆலயத்துக்குக் கொடுத்தாயிற்று. தூக்கு என்னோடு வரும்.

வீடு என்னும் தமிழ்ச் சொல் விடு என்பதிலிருந்து பிறந்தது. குடியிருக்கும் மனைக்கும், வினை நீங்கிய பேற்றுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தார்கள். வகுப்பில் இதனைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். விட வேண்டிய நாள் வரும்போதுதான் அச்சொல்லின் நியாயம் விளங்குகிறது.

பழைய ஆசிரியப் பழக்கம் விடுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பத்துப் பத்திகள் வகுத்து, என் உடைமைகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். நிலத்தின் கீழ், கிராமத்தில் பங்காளிகளோடு பொதுவாக உள்ள ஒன்றரை ஏக்கர். பொன்னின் கீழ்ச் சிறிது. கால்நடை இல்லை. பணிமகளிர், பணியாளர் என்ற இரு பத்திகளும் வெறுமையாக நின்றன. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தேன் என்று ஒரு கணம் நிறைவாகக்கூட இருந்தது. அந்த இரு பத்திகளிலேயே என் எண்ணம் தங்கிவிட்டது.

என் பாட்டி காலத்தில் நெல் குத்த ஒருத்தி, மாவரைக்க ஒருத்தி, நீர் இறைக்க ஓர் ஆள், கோடையில் விசிறி வீச வீட்டுப் பிள்ளைகள் என்று பல கைகள் வேண்டியிருந்தன. என் வீட்டில் மாவை அரைத்தது எது? மேல்தொட்டிக்கு நீரை ஏற்றியது எது? இரவெல்லாம் எனக்கு விசிறியது எது? ஊதியம் கேளாமலும், முகம் காட்டாமலும் ஒரு பணியாள் இத்தனை ஆண்டுகள் என் வீட்டில் உழைத்திருக்கிறான். மின்சாரம் என்று அவனுக்குப் பெயர். அவன் உண்டது நிலக்கரி.

இப்பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இது புத்தக அறிவன்று. வட சென்னை தொழிலால் வளர்ந்த ஊர். தென்னகத்தின் முதல் புகைவண்டி 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பின்னர்த் தீப்பெட்டி ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை, எண்ணூரில் லாரி செய்யும் ஆலை, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, உரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்று ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவும், 2021இல் வந்த மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் வழங்குகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் பள்ளியின் முதல் மணியை ஆலைச் சங்கோடு ஒத்துப்பார்ப்பது வழக்கம். பிள்ளைகளின் தந்தையர் தொழிலைப் பதிவேட்டில் எழுதும்போது ‘கம்பெனி’ என்ற ஒரு சொல்லே பக்கம் முழுதும் வரும். அந்தக் கம்பெனிச் சம்பளத்தால்தான் அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஆலைகளை வெறுத்துப் பேசுவோரைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பதிவேடு நினைவுக்கு வரும். பசித்த வீட்டில் அடுப்பெரிந்ததற்கு நானே சாட்சி.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. அதற்கு வடக்கே, ஆற்றுக்கு அப்பால், 1990களில் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வல்லூரில் மற்றொன்று வந்தது. இவற்றுக்கு நடுவே நிகழ்ந்த ஒரு மாறுதலை வாசகர்கள் கருத வேண்டுகிறேன். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றப்பட்டு வந்தன. தூசு நகரத்தின் மேல் படிகிறது என்ற முறையீட்டின் பேரில், அவற்றை அங்கே கையாளுதல் கூடாதென்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இராயபுரத்து நண்பர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ்ச்சி நியாயமானதே. நிலக்கரி என்ன ஆயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எரிக்கும் அளவு ஒரு கூடையும் குறையவில்லை. நிலக்கரியும் வீடு மாறியது, அவ்வளவே. ஓர் ஊரின் தூய்மை, தன் அழுக்கை அடுத்த ஊரின் வாயிலில் வைப்பதால் கிடைக்கும் தூய்மையாக இருந்தால், அதனை என்ன பெயரிட்டு அழைப்பது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். என் வீட்டு மின் அட்டையே எனக்குத் தெரிந்தது. இரு மாதத்துக்குச் சராசரியாக 200 யூனிட். ஆண்டுக்கு 1200. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். ஆக, ஆண்டுக்கு 840 கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அது 280 கிலோ. நாற்பது ஆண்டுகளுக்கு 11,200 கிலோ. நம் மாநிலத்து மின்சாரம் முழுவதும் நிலக்கரியால் வருவதன்று; குந்தாவின் நீரும், கல்பாக்கத்து அணு உலையும், முப்பந்தலின் காற்றும் அதில் சேரும். ஆகவே பாதியைத் தள்ளிவிடுவோம். எஞ்சுவது ஐந்தரை டன்னுக்கு மேல். என் சாமான்களை ஏற்றிச் செல்லப் பேசியிருக்கும் லாரி இரண்டு டன் தாங்கும் என்கிறார்கள். நான் கொண்டுபோவது ஒரு லாரிகூட நிறையாது. விட்டுச் செல்வது ஏறத்தாழ மூன்று லாரி. என் பட்டியலின் பத்துப் பத்திகளில் அதற்கு இடமே இல்லை.

அச்சாம்பல் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததே. நீரோடு கலந்து குழாய்கள் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள குளத்துக்குச் செல்கிறது. குழாய்கள் கசிந்து, பல ஆண்டுகள் கொசத்தலையாற்றின் படுகையில் அது படிந்தது. வழக்கைப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டு சென்றவர்கள் மீனவர்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் அவ்வாற்றில் கலந்து, படகும் வலையும் கரிய பிசினில் தோய்ந்ததைச் செய்தித்தாள்களில் எல்லோரும் கண்டோம்.

இங்கே நம் சமுதாயத்தார் சிலர் சொல்லும் ஒரு சொல்லை மறுக்க விரும்புகிறேன். மீன் பிடித்துப் பிழைப்போர் கொலைத் தொழிலினர். அவர்கள் துன்பம் அவர்கள் வினை என்பது அச்சொல். மீன்பிடித்தல் நம் அறத்துக்கு உடன்பாடன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே அறநூல்கள், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுகின்றன. சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சொல்லும் பட்டியலில் தலையாயது கரி சுட்டுப் பிழைத்தல். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று உலகுக்குச் சொன்ன நெறி நம்முடையது. வெந்நீர் கலந்தும் சாம்பல் மூடியும் எண்ணெய் படிந்தும் அந்த ஆற்றில் மடிந்த மீன்கள் எவர் வலையிலும் பட்டவை அல்ல. அவற்றை எவர் கணக்கில் எழுதுவது? வலை வீசுபவன் தன் வினையைத் தன் கையால் செய்கிறான், கண்ணால் காண்கிறான். நாம் செய்வது சுவரிலுள்ள பொத்தானை அழுத்துவது மட்டுமே. கை நனையாதது நம் ஒழுக்கத்தின் உயர்வு என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் போகவிருக்கும் கிராமத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடியே உரத் தொழிற்சாலை ஒன்றுக்குச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியா எதற்கு? உரத்துக்கு. உரம் எங்கே போகிறது? நம் குடும்பங்கள் பல உழுதுண்டு வாழும் வந்தவாசி, செய்யாறு, ஆரணி வயல்களுக்கும்தான். அதே 2023இல் செய்யாற்றை அடுத்த மேல்மாவில் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமாட்டோம் என்று உழவர்கள் போராடினார்கள். நம்மவர் பலரும் அவர்களுக்காக இரங்கினார்கள். அந்த இரக்கம் எண்ணூர் வரை ஏன் வரவில்லை என்று கேட்பது குற்றம் சாட்டுவதற்காக அன்று. நிலம் நம்முடையதாக இருக்கும்போது கண் திறக்கிறது. இது மனித இயல்பு. பொருள் வரைதல் என்பதே அந்த இயல்புக்கு மருந்தாக விதிக்கப்பட்டது.

அப்படியானால் நான் போகலாமா? இதனை ஒத்த வயதுடைய என் நாத்தனாரிடம் கேட்டேன். “உடம்பு அறம் செய்வதற்கு உரிய கருவி. அதைக் காக்காமல் எந்த விரதத்தைக் காப்பீர்கள் அண்ணி? ஒழுக்கம் காக்க இயலாத இடத்தை விட்டு முனிவர்களே அகல்வதில்லையா?” என்றார். அது சரியான விடை. நோயுற்ற உடலை ஓரிடத்தில் வைத்து வருத்திக்கொள்வதைத் தவம் என்று நான் கருதவில்லை. எல்லாவற்றையும் விட்டு நீங்கிய பட்டினத்தாரின் சமாதி எங்கள் ஊர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. அவர் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும் மாலையில் அவ்வழியே நடக்கும்போது, அந்த வணிகருக்குப் பின்னால் எவர் வாயிலிலும் சாம்பல் கிடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

முகத்துவாரத்துப் பக்கத்திலிருந்து வந்து படித்த பழைய மாணவி ஒருத்தி, இன்று பேரப்பிள்ளை எடுத்தவள், விடைபெற வந்தாள். “உங்களுக்குப் போக ஊர் இருக்கிறது டீச்சர், போங்கள். எங்களுக்கு ஆறுதான் ஊர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னாள். அவள் மூச்சும் இரைந்துகொண்டுதான் இருந்தது. நான் போவது தவறு என்று அவளும் நினைக்கவில்லை. ஆனால் இடம் மாறுவதால் என் கணக்கு முடிவதில்லை. கிராமத்து விளக்கும் இதே கம்பியில்தான் எரியப்போகிறது. எரியும் கரி கண்ணில் படாத தொலைவுக்கு நான் செல்கிறேன். அங்கே அதனை மறப்பது எளிது. ஆகையால்தான் மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தில் பதினோராவதாக ஒரு பத்தியைக் கோடிட்டுச் சேர்த்திருக்கிறேன். 100 யூனிட் அளவே இரு மாதத்துக்கு என் வரையறை. அதற்கு மேல் வேண்டேன். மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை, கிராமத்து வீட்டுக் கிணற்றில் கயிறும் வாளியும் போட ஆள் பார்த்திருக்கிறாள். பொன்னூர் மலையில் ஆசாரிய குந்தகுந்தர் திருவடி முன் இந்த வரையறையை ஏற்பதாக உள்ளேன். ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. மூச்சு இரைக்கும் இரவுகளில் மருந்தை ஆவியாக்கித் தரும் சிறு கருவி ஒன்றை மருத்துவர் கொடுத்திருக்கிறார். அதுவும் மின்சாரத்தால்தான் இயங்குகிறது. விரதங்களில் மருந்துக்கு விலக்கு உண்டு என்பது வழக்கம். மருந்தை இயக்கும் கரிக்கும் அவ்விலக்குப் பொருந்துமா என்று, அங்கு எழுந்தருளும் முனிவரிடம் கேட்ட பிறகே அந்தப் பத்தியில் எண்ணை எழுத வேண்டும்.