கசிவுநீர் கேட்கும் கேள்வி

ஆகஸ்டில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால், எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சில நாட்களிலேயே மட்டம் ஏறிவிடும். எல்லாம் கசிவுநீர். மேல்தோட்டத்தில் மிஞ்சியது என் கிணற்றுக்கு வருகிறது. என் மஞ்சள் காட்டில் மிஞ்சியது கீழ்த்தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறது. அந்தத் தோட்டத்து வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணில் அது நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக மீதி, பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். தாண்டினால் முதல் ஆபத்து, அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் பச்சைக்குழந்தைக்குத்தான். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

உரம் போட்டவன் அந்தக் குழந்தைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பிறகு பாவம் யாருக்கு?

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் இந்த வழக்கு வருகிறது. தீவினையில் மனத்தால் செய்வதே கனமானது என்கிறார் புத்தர். உடலால் செய்வதே கனமானது என்பது சமணர் வாதம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் இந்த வழக்கில் சமணர் பக்கம்தான் நிற்பேன். கவனமில்லாமல் நடந்து உயிருக்குக் கேடு செய்வதே இம்சை என்று சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி வரையறுக்கிறார். சமணத் துறவிகளுக்கு வகுத்த ஐந்து சமிதிகளில், அதாவது கவனமாக நடக்கும் விதிகளில், ஒன்று, கழிவை எந்த இடத்தில் எப்படி விடுவது என்பது பற்றியது. எங்கள் மாவட்டத்து விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் சமணக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமிதிதான் ஞாபகம் வரும். உழவனுக்கும் அது பொருந்தும்.

நைட்ரேட் இறங்குவதை அறியாத பாட்டன்மேல் குற்றமில்லை. தெரிந்த பிறகும் ஆள்கூலிக்குப் பார்த்து மொத்த யூரியாவையும் ஒரே தடவையில் போட்டால், நல்ல எண்ணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்; மழை கட்டி நிற்கும் நாளில் வேண்டாம். எருக்குழி கிணற்றுக்கு மேட்டில் இருந்தால் இடம் மாற்றுங்கள். மருந்தடித்த டேங்கை வாய்க்காலில் அலசாதீர்கள். அலசிய தண்ணீரை அடித்த காட்டிலேயே தெளித்துவிடுங்கள். கீழ்த்தோட்டத்தில் குழந்தை பிறந்திருந்தால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.