தனியே ஒரு பாறைப் பயணம்

கூட்டமாகப் போனால் ஆளைப் பார்க்கிறோம். தனியே போனால்தான் இடத்தைப் பார்க்கிறோம். அதுவும் உடனே நடக்காது. பேச ஆளில்லாத இடத்தில் முதல் அரை மணி நேரம் வீட்டுக் கணக்கும் ஆபீஸ் கணக்கும் தலைக்குள் ஓடும். அது ஓய்ந்த பிறகுதான் கல் கண்ணில் படும்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ரயிலேறி, திருவள்ளூரில் இறங்கி, பூண்டியைத் தாண்டினால் குடியம் குகை. வழியெல்லாம் முள்காடு, செம்மண், சரளை. (தண்ணீர் பாட்டிலை மறந்தீர்களோ, தொலைந்தீர்கள்!) குகைப் பாறை முழுக்க வழவழப்பான கூழாங்கற்கள் பதிந்து கிடக்கின்றன. என்றோ ஓடிய நீர் உருட்டி உருட்டி மழுக்கிய கற்கள். இந்த வட்டாரத்தில் ஆதிமனிதன் கைக்கோடரி செதுக்கியது இப்படிப்பட்ட கல்லில்தான். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.