வெல்டிங் சக்கரத்தில் சாமி ஏறுமா?

ஒரு தேரின் சக்கரம் இன்னொரு தேருக்குப் பொருந்தாது. அதனால் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற எங்கள் பட்டறைக்குத் தேர்ச் சக்கர வேலை வந்தால் நாலு சக்கரம்தான். ஐந்தாவதை வாங்க ஆள் கிடையாது. கட்டுப்படியாகாது, மறுக்கவும் வாய் வராது. அப்பா காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரம். இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் பழுக்க வைத்து, வட்டை மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இப்போது டிராக்டர் டிரெய்லர்தான் சோறு போடுகிறது.

பழைய மரச் சக்கரத்தைக் கொண்டுவந்து போட்டு, "இதே மாதிரி இரும்புல" என்பார்கள். எதே மாதிரி? தேய்ந்த சக்கரம் வட்டமாகவே இருக்காது. தேய்மானத்தைக் கூட்டி, அது ஒருகாலத்தில் இருந்திருக்கக்கூடிய அளவுக்குத் தகடு வெட்டுவேன். இன்று உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத சக்கரத்துக்கு நகல்!

"ஏம்பா, வெல்டிங் வெச்ச சக்கரத்துல சாமி ஏறுமா?" என்று கேட்டார், ஊர்க்கோயில் தேருக்காக வந்த பெரியவர்.

"திருவாரூர்லயே ஏறுதுங்க பெரியப்பா."

திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அதற்கெல்லாம் முன்பே, 1926-இல், அந்தத் தேரே எரிந்துபோனது; பிறகு புதிதாகக் கட்டினார்கள். அதை யாரும் நகல் தேர் என்பதில்லை. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேருக்குச் சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். அதுவே அச்சிறுபாக்கத்தில் அச்சு முறிந்து நின்றது என்கிறது தலபுராணம். சாமிக்கும் பட்டறை வேலை தேவைப்பட்டிருக்கிறது.

மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில், நாகசேனர் என்ற பிக்கு மிலிந்த அரசனை மடக்குவார்: சக்கரமா தேர், அச்சா, நுகமா? எதுவும் இல்லை, எல்லாம் கூடியதற்கு வைத்த பெயர்தான் தேர் என்று அரசன் ஒப்புக்கொள்வான். எனக்கு அதில் ஒரு குறை. அது குதிரை இழுக்கிற தேர். அவர் அடுக்கும் உறுப்புகளில் வடம் இல்லை, வடம் பிடிக்கிற ஆட்களும் இல்லை. திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள். அந்தக் கைகளையும் உறுப்பாகச் சேர்த்தால், சக்கரம் மரமா இரும்பா என்பது அப்புறம்தான். வெள்ளோட்டத்தில் நாலு வீதி சுற்றி நிலைக்கு வந்துவிட்டால் அது அந்தத் தேரின் சக்கரம்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த பழைய சக்கரத்தைக் காட்டினார். "அப்போ இது?"

கோயிலில் திருப்பணி என்றால் பாலாலயம் செய்து சாமியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கழற்றிய சக்கரத்துக்கு அப்படி ஒரு சடங்கு நான் பார்த்ததில்லை. என் வாதப்படி அது இனி வெறும் மரம். ஆனால் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்த பையனை நான்தான் அதட்டி எழுப்பினேன்.

ஓட்டல் வாசலில் அலங்காரமாக வைக்க ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்கிறார். பெரியவரைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கொடுக்க மாட்டார் என்று தெரிந்தே.