நிவாரணம்: கருணையா, உரிமையா?

1929இல் தொடங்கிய பெருமந்தம், பசித்தவருக்குச் சோறிடுவது கொடுப்பவரின் கருணையா, பெறுபவரின் உரிமையா என்ற பழைய அறக்கேள்வியை அமெரிக்க அரசியலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. மத்திய அரசு நேரடியாக உதவினால் அண்டை அயலாரின் ஈகையுணர்வும் பெறுபவரின் தன்மானமும் தேய்ந்துவிடும் என்று அதிபர் ஹூவர் அஞ்சினார்; ஆனால் 1933இல் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்து, இலவச ரொட்டிக்கான வரிசைகள் நீண்டு, தர்ம நிதிகள் வற்றிய நிலையில், அந்த அச்சம் எவர் பசியையும் ஆற்றவில்லை.

ஹூவரின் அச்சத்தை நினைவூட்டும் வகையில், சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கலாகாது என்னும் துணைமைக் கோட்பாட்டை, போப் பதினோராம் பயஸ் 1931இல் தம் சுற்றுமடலில் வகுத்திருந்தார். அதை அரசுக்கு இட்ட வேலியாக மட்டும் படிப்பது பிழை; சிறியவை ஓய்ந்த இடத்தில் பெரியது தாங்கவேண்டும் என்பதும் அதன் உட்பொருளே. வாழ்வதற்குப் போதுமான கூலியைத் தொழிலாளியின் உரிமையாக 1906லேயே வாதிட்ட கத்தோலிக்க இறையியலர் ஜான் ரயன், ஹூவருக்குப் பின் அதிபரான ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை ஆதரித்தது இயல்பானதே. எனினும், நிவாரணம் கோரியவரின் வீட்டுக்கே விசாரணையாளர் வந்து வருமானத்தையும் சேமிப்பையும் துருவிக் கேட்ட நடைமுறையில், நிவாரணம் பெறும் உரிமை கருணையாகவே நடத்தப்பட்டது.