அடங்கின பிள்ளையும் சொல் கேட்கிற பிள்ளையும்



நம் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சில வார்த்தைகள் அடிக்கடி நம் வாயில் வருகின்றன. "அடங்கின பிள்ளை", "பணிவான பிள்ளை", "சொல் கேட்கிற பிள்ளை" என்று மெச்சுகிறோம். "அடங்காதவன்", "உதைபட்டால்தான் திருந்துவான்" என்று கடிந்துகொள்கிறோம். அடங்குவதும், பணிவதும், சொல் கேட்பதும் எல்லாம் ஒன்றுதான் என்பது நம் எண்ணம். அவை ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை அறியாததினால் எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகளின் மனது காயப்படுகிறது.

பல வருஷங்களுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு தகப்பனார் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். "சுவாமி, இவன் எனக்கு அடங்கமாட்டேன் என்கிறான். நீங்களாவது நாலு அடி கொடுத்து அடக்கிவிடுங்கள்" என்றார். நானும் ஆலோசியாமல் பிரம்பை எடுத்து இரண்டு அடி கொடுத்தேன். பையன் வாய் திறக்கவில்லை. தகப்பனார் திருப்தியோடு போனார். காரியம் முடிந்தது என்றே நானும் எண்ணினேன். அடுத்த ஞாயிறு அவன் ஞானோபதேச வகுப்புக்கு வந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாய் விடை சொன்னான். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் பார்க்கவேயில்லை. 'நீ என்ன செய்தாய்? ஏன் செய்தாய்?' என்று அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் என் மனதில் உறைத்தது. அவன் அடங்கிப்போனான், கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளவில்லை.

கீழ்ப்படிதலுக்கு லத்தீன் பாஷையில் வழங்கும் சொல், 'கேட்டல்' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. நம் தமிழ்த் தாய்மாரும் "பிள்ளை சொல் கேட்கிறானா?" என்றுதானே விசாரிக்கிறார்கள்! அர்ச். ஆசீர்வாதப்பர் 6-ம் நூற்றாண்டில் தம் சந்நியாசிகளுக்கு எழுதிய ஒழுங்கின் முதல் வார்த்தையே 'கேள்' என்பதுதான். அடக்குவதற்குக் கைப்பலம் போதும், மாட்டையும் அடக்கலாம். கேட்கச் செய்வதற்கோ அன்பு வேண்டும். அடக்கம் நல்ல சொல்தான். திருவள்ளுவர் அதற்கென்று 13-ம் அதிகாரத்தையே வைத்திருக்கிறார். ஆனால் அவர் புகழ்வது ஒருவன் தன்னைத்தான் அடக்கிக்கொள்ளும் அடக்கத்தை. பிறர் அமுக்குவதால் வருகிற அடக்கம், கை எடுத்தவுடன் போய்விடும்.

நாசரேத்தூர் திருக்குடும்பத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் சேசு பாலன் ஜெருசலேமில் தங்கிவிட்டார். தாயாரும் அர்ச். சூசையப்பரும் மூன்றாம் நாள் அவரைத் தேவாலயத்தில் கண்டார்கள். அப்போது தேவமாதா முதலில் செய்தது என்ன? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். தாங்கள் பட்ட துயரத்தையும் சொன்னார்கள். பிள்ளை சொன்ன பதில் விளங்கவில்லை. ஆயினும் தேவமாதா அதைத் தம் இருதயத்தில் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் அவர் வீடு திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். சர்வேசுரனுடைய குமாரனிடமே பெற்றோர் கேட்டு அறிந்தார்கள் என்றால், நாம் கேளாமல் அடிப்பது எப்படி?

"அப்படியானால் தண்டனையே கூடாதா, சுவாமி?" என்பீர்கள். குற்றம் உண்டு; கண்டிப்பும் வேண்டும். ஆனால் எவ்விதம்? அர்ச். தொன் போஸ்கோ இத்தாலியில் ஏழைச் சிறுவர்களை ஆயிரக்கணக்கில் வளர்த்தவர். அவர் 1877-ல் எழுதிய சிறு நூலில், அடித்தல், காதைத் திருகுதல், வருந்த முழந்தாளிடச் செய்தல் ஆகியவற்றை அறவே விலக்கச் சொன்னார். அவை பிள்ளைக்குக் கோபத்தையும், வளர்ப்பவருக்கு இழிவையும் தரும் என்றார். பலர் முன்னிலையில் கண்டிக்காமல் தனியே கண்டிக்கச் சொன்னார். அவருடைய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து, அந்த முறையை நம் நாட்டிலும் நட்டார்கள். நம் தேசத்தின் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதைத் தடுத்திருக்கிறது. பள்ளியில் கீழே வைத்த பிரம்பை வீட்டில் எடுக்கலாமா?

பாவசங்கீர்த்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நரகத்துக்குப் பயந்து படும் மனஸ்தாபத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை. ஆனால் சர்வேசுரனை நேசிப்பதால் படும் மனஸ்தாபத்துக்கே உத்தம மனஸ்தாபம் என்று பேர். பயம் வாசற்படி, நேசமே வீடு. நம் பிள்ளைகளை வாசற்படியிலேயே நிறுத்திவைக்க வேண்டாம்.

ஆகையால், பெற்றோர்களே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். கண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்தவர் முன் அவமானப்படுத்தாதேயுங்கள். நீங்கள் தவறாகத் தண்டித்திருந்தால், பிள்ளையிடம் அதை ஒத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் பெற்றோர் பார்க்காத இடத்திலும் அவர்கள் சொல்லைக் கேட்டு நடங்கள்.

அந்தப் பையனிடம் என் தவற்றைச் சொல்லுமுன் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகளோ இன்று இராத்திரியும் உங்கள் கூரையின்கீழ்தான் படுக்கிறார்கள். ஜெபமாலை முடிந்ததும் பேசுங்கள். தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் குடும்பங்களைக் காப்பார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு