தூரத்துப் பணிவிடை

பெற்றவளைக் காப்பாற்றுவது கடமை. கடைசிக் காலத்தில் அருகில் இருப்பதும் கடமைதான். ஒன்றைச் செய்தால் மற்றொன்று இயலாது என்றால்?

1974-இல் பிலிப்பைன்ஸ் அரசு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதைச் சட்டத்தின் மூலம் தன் கொள்கையாக்கிக் கொண்டது. ஹாங்காங்கில் இரண்டாண்டு ஒப்பந்தங்களைப் புதுப்பித்துப் புதுப்பித்து, பிறர் வீட்டு முதியவர்களைக் குளிப்பாட்டியே தாமும் மூப்படைந்த பெண்கள் உண்டு. ஊரில் தாய் இறந்தால், ஒன்பது நாள் ஜெபத்தில் அவர்கள் தொலைபேசியில்தான் கலந்து கொள்கிறார்கள். மருந்துக்கும் சவப்பெட்டிக்கும் பணம் அவர்கள் அனுப்பியது.

"பணம் வந்தது, மகள் வரவில்லையே!" என்று ஊர் பேசலாம். நான் பேசமாட்டேன். அந்தப் பணமே அவள் உடம்பைத் தேய்த்துச் செய்த பணிவிடையல்லவா? ஆயினும், சாகும் தாயின் கையைப் பணம் பற்றிக் கொள்ளாது. இந்தக் குறையை மகள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அவள் உழைப்பை அனுபவித்த இரு நாடுகளுக்கும் அதில் பங்குண்டு.